மலைநாட்டு வீடுகளில் சூரிய மின்சாரம்: மானியமும் வரவு செலவும்

பழனி மலைத்தொடருக்கும் சூரியனுக்கும் உள்ள சம்பந்தம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. தாது வருஷப் பஞ்சம் என்று வழங்கும் 1876–78-ம் வருஷப் பெரும் பஞ்சத்திற்குப் பின், பருவமழை தவறுவதற்கும் சூரியனில் நிகழும் மாறுதல்களுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டுமென்ற எண்ணம் பலமாக எழுந்தது. அதன் பயனாகத் தென்னாட்டு மலைகள் பரிசோதிக்கப்பட்டு, வானம் தெளிவாக இருக்கும் இடமென்று கொடைக்கானல் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1899-ம் வருஷம் அங்கே சூரிய ஆராய்ச்சி நிலையம் ஸ்தாபிக்கப்பட்டது. சூரியப் புள்ளிகளினின்று வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்கின்றன என்னும் உண்மையை எவர்ஷெட் என்பார் 1909-ம் வருஷம் கண்டறிந்ததும் இந்நிலையத்திலேயேயாகும்.

அன்று சாஸ்திரிகளின் ஆராய்ச்சிக்கு மட்டும் உரியதாயிருந்த சூரிய ஒளி, இன்று குடியானவர் வீட்டுக் கூரையின்மேல் மின்சாரமாக மாறக்கூடிய காலம் வந்திருக்கிறது. அதற்குச் சர்க்கார் மானியம் தருகிறது. பாங்கிகள் கடன் தருகின்றன. கருவி விற்கும் கம்பெனியார் ஊர் ஊராக வந்து பேசுகின்றனர். பூம்பாறை, மன்னவனூர், கூக்கல் முதலிய மேல்மலை ஊர்களிலும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் முதலிய கீழ்மலை ஊர்களிலும் நிலம் வைத்திருப்போர் பலர், இதனால் தமக்கு உண்மையில் அனுகூலம் உண்டா என்று வினவுகின்றனர். இவ்வினாவிற்கு ஒரே விடை எல்லார்க்கும் பொருந்தாது. ஒரு வீட்டுக்கு ஐந்து வருஷத்தில் முதல் திரும்பிவிடும். அடுத்த வீட்டுக்கு இருபத்தைந்து வருஷமானாலும் திரும்பாது. இவ்வேற்றுமைக்குக் காரணம் இன்னதென்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உதவித் திட்டங்கள் வந்த வழி

சூரிய மின்சாரம் முதலில் மிக்க விலையுள்ளதாக இருந்தது. ஆகையால் எந்தத் தேசத்திலும் சர்க்கார் கைகொடுத்த பின்னரே அது வீடுகளுக்குப் பரவியது. ஜெர்மனி தேசத்தார் 2000-ம் வருஷம் ஒரு சட்டம் செய்து, கூரையில் உண்டாகும் மின்சாரத்தை யூனிட் ஒன்றுக்கு 99 பென்னிக் என்ற உயர்ந்த விலையில் இருபது வருஷம் வாங்கிக்கொள்வதாக உறுதி அளித்தனர். இலங்கையில் 2016-ம் வருஷம் தொடங்கிய சூரிய பல சங்கிராமம் என்னும் இயக்கத்தின் ஒரு பிரிவில், முதல் ஏழு வருஷங்களுக்கு யூனிட்டுக்கு 22 ரூபாயும், பின் பதின்மூன்று வருஷங்களுக்கு 15 ரூபாய் 50 காசும் என்று விலை வகுக்கப்பட்டது. இவை மின்சாரத்தை விலை கொடுத்து வாங்கும் முறையைச் சேர்ந்தவை.

தமிழ்நாட்டிலும் பலவகை உதவிகள் வந்து போயின. 2011-ம் வருஷம் ஏற்பட்ட சூரிய சக்திப் பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீடு ஒன்றுக்கு 1,80,000 ரூபாய் ஒதுக்கப்பட்டு, அதில் 30,000 ரூபாய் சூரிய விளக்குகளுக்கென்று வைக்கப்பட்டது. ஏழைக் குடும்பங்கள் ஐந்து விளக்குகள் பெற்றன. 2012-ம் வருஷத்துச் சூரிய சக்திக் கொள்கையில், வீட்டார் உண்டாக்கும் யூனிட் ஒவ்வொன்றிற்கும் முதல் இரண்டு வருஷம் 2 ரூபாய், அடுத்த இரண்டு வருஷம் 1 ரூபாய், அதற்கடுத்த இரண்டு வருஷம் 50 காசு என ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. 2014-ம் வருஷம் மார்ச்சு மாதம் 31-ந் தேதிக்குள் கருவி அமைப்போருக்கே அது உரியதாயிருந்தது. 2019-ம் வருஷத்து மத்திய சர்க்கார் திட்டத்தில் 3 கிலோவாட் வரை விலையில் நூற்றுக்கு 40 மானியம் கிடைத்தது.

இவற்றிலிருந்து ஒரு பாடம் தெரிகிறது. மானியத்தின் அளவும் விதமும் சில வருஷங்களுக்கு ஒரு முறை மாறும். கூரையின்மேல் ஏற்றிய கருவியோ இருபத்தைந்து வருஷம் இருக்கும். ஆகவே மானியத்தை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பது, விதையின் விலையை மட்டும் பார்த்துப் பயிரைத் தெரிந்தெடுப்பது போலாகும்.

தற்காலத் திட்டத்தின் விவரம்

பி.எம். சூர்ய கர் என்னும் திட்டம் 2024-ம் வருஷம் பிப்ரவரி மாதம் மத்திய சர்க்காரால் தொடங்கப்பட்டது. ஒரு கோடி வீடுகளை உத்தேசித்து, 75,021 கோடி ரூபாய் மதிப்பில், 2026–27 நிதி வருஷம் வரை நடைபெறுமாறு அது வகுக்கப்பட்டது. வீட்டு உபயோகத்திற்கான மானியம் பின்வருமாறு:

1 கிலோவாட் கருவிக்கு ரூ. 30,000.
2 கிலோவாட் கருவிக்கு ரூ. 60,000.
3 கிலோவாட் கருவிக்கும், அதற்கு மேற்பட்ட எந்த அளவிற்கும் ரூ. 78,000.

அதாவது முதல் இரண்டு கிலோவாட்டிற்கு ஒவ்வொன்றுக்கும் 30,000 ரூபாய். மூன்றாவதற்கு 18,000 ரூபாய் மட்டும். நான்காவது முதல் ஒன்றுமில்லை. இம்மானியம் மின்சாரம் உண்டாக்கும் கருவிக்கே உரியது. பாட்டரிக்கும், வெந்நீர் காய்ச்சும் சூரியக் கருவிக்கும் இது கிடையாது. தகடுகள் இந்தியாவில் செய்யப்பட்டவையாக இருத்தல் வேண்டும். கருவியை அமைக்கும் வியாபாரி திட்டத்தில் பதிவு செய்துகொண்டவராக இருக்க வேண்டும். அவர் ஐந்து வருஷம் பராமரித்துத் தரவும் கடமைப்பட்டவர்.

முக்கியமாகக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. மானியம் முன்கூட்டிக் கிடைப்பதன்று. கருவி அமைந்து, மின்பகிர்மானக் கழகத்தார் வந்து பார்த்து, இயங்குகிறதென்று சான்று அளித்த பிறகே வீட்டுக்காரரின் பாங்கிக் கணக்கில் தொகை சேரும். அதுவரை முழுப் பணத்திற்கும் வழி செய்துகொள்ள வேண்டியவர் வீட்டுக்காரரே. "மானியம் வந்துவிடும், அதைக் கொண்டு சரிக்கட்டலாம்" என்று நெல் அறுவடைப் பணத்தையோ, பூண்டு விற்ற பணத்தையோ முழுவதும் முன்னதாகக் கொடுத்துவிட்டு, அடுத்த போகத்து உரத்திற்கும் விதைக்கும் கைம்மாற்றுத் தேடும் நிலை வரலாகாது.

மீட்டர் முறை

சூரியத் தகடு பகலில் உண்டாக்கும் மின்சாரத்தில் வீட்டுக்கு வேண்டியது போக மிச்சமாவது கம்பி வழியே வெளியே செல்லும். இரவில் வீட்டுக்கு வேண்டியது அதே கம்பி வழியே உள்ளே வரும். இவ்விரண்டையும் அளக்க இருவழி மீட்டர் ஒன்று பொருத்தப்படும். உள்ளே வந்ததிலிருந்து வெளியே சென்றதைக் கழித்து, எஞ்சிய யூனிட்டுக்கு மட்டும் பில் போடப்படும். ஒரு கணக்கில் மிச்சமானது அடுத்த கணக்கிற்குக் கொண்டு செல்லப்படும். தை, மாசி மாதங்களில் வெயிலால் மிகுந்தது பின்வரும் மாதங்களின் குறையை ஓரளவு ஈடு செய்யும். தமிழ்நாட்டில் இம்முறை மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021-ம் வருஷத்து விதிகளின்படி வீடுகளுக்கு நடைமுறையில் வந்தது.

மிச்ச மின்சாரத்தை விற்றுப் பணமாக்கலாம் என்ற ஆசையால் பெரிய கருவி போடுவது உசிதமன்று. இம்முறையின் பலன் வீட்டுப் பில்லைக் குறைப்பதில்தான் இருக்கிறது.

2024-ம் வருஷம் பிப்ரவரி மாதம் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள் வீட்டுக்காரருக்குச் சில பாதுகாப்புகளை அளிக்கின்றன. 10 கிலோவாட் வரையுள்ள மனுக்களைத் தனியாக ஆய்வு செய்யாமலே ஏற்றுக்கொண்டதாகக் கருத வேண்டும். 5 கிலோவாட் வரை, மின் கம்பி முதலியவற்றைப் பலப்படுத்தும் செலவு பகிர்மானக் கழகத்தைச் சேர்ந்தது. கருவி அமைந்த பின் அதை இணைத்து இயக்குவதற்குரிய காலம் 30 நாளிலிருந்து 15 நாளாகக் குறைக்கப்பட்டது. மலையூர்களில் கம்பிகள் நெடுந்தூரம் செல்வதால், இரண்டாவதாகக் கூறிய விதி மிக்க பிரயோஜனமுள்ளது.

வீட்டுக்கு வீடு மாறும் கணக்கு

இனி வரவு செலவைப் பார்ப்போம். 2022-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 10-ந் தேதி முதல் அமலான விகிதங்களைக் கொண்டு இக்கணக்கு செய்யப்பட்டுள்ளது. விகிதங்கள் அதன் பின்னர் மாறியிருப்பதால், அவரவர் தம் கடைசிப் பில்லில் கண்ட விகிதத்தை இதில் வைத்துக் கணக்கிட்டுக்கொள்க. முறை ஒன்றே.

அவ்விகிதங்களின்படி இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்கு மேற்படாத வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ. 2.25, 201 முதல் 400 வரை ரூ. 4.50, 401 முதல் 500 வரை ரூ. 6. 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு இரண்டாவது நூறுக்குரிய சலுகை நீங்கி 101 முதல் 400 வரை ரூ. 4.50, 401 முதல் 500 வரை ரூ. 6, 501 முதல் 600 வரை ரூ. 8, 601 முதல் 800 வரை ரூ. 9, 801 முதல் 1,000 வரை ரூ. 10.

சமவெளியில் 1 கிலோவாட் கருவி நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் தரும் என்பது பொதுக் கணக்கு. மூடுபனியும் மேகமும் உள்ள மலையில் 3 யூனிட் என்று குறைத்துப் போட்டுக்கொள்வதே பத்திரமான வழி. அவ்வாறாயின் இரண்டு மாதத்திற்கு 1 கிலோவாட்டுக்கு 180 யூனிட். கருவியின் விலையை உதாரணத்திற்காகக் கிலோவாட் ஒன்றுக்கு 65,000 ரூபாய் என்று கொள்வோம்.

முதல் வீடு: இரண்டு மாதத்திற்கு 200 யூனிட் செலவழிப்பது. நான்கு விளக்கு, ஒரு தொலைக்காட்சி, ஒரு மிக்ஸி, மலைக்குளிரில் மின்விசிறி அநேகமாகத் தேவையில்லை. பில் 225 ரூபாய். வருஷத்திற்கு 1,350 ரூபாய். 1 கிலோவாட் கருவி போட்டால் பில் முழுவதும் நீங்கும். ஆனால் மானியம் போகக் கைமுதல் 35,000 ரூபாய். அது திரும்ப ஏறக்குறைய 26 வருஷம் ஆகும். கருவியின் ஆயுளே அவ்வளவுதான். இடையில் இன்வெர்ட்டர் ஒரு முறையேனும் மாற்ற நேரும். இவ்வீட்டிற்கு இது நஷ்டமே. 100 யூனிட் இலவசம் 2016-ம் வருஷம் மே மாதம் முதல் எல்லா வீடுகளுக்கும் கிடைத்ததால், சிறு வீடுகளுக்கு அதுவே பெரிய மானியமாக அமைந்துவிட்டது.

இரண்டாவது வீடு: இரண்டு மாதத்திற்கு 600 யூனிட் செலவழிப்பது. வெந்நீர் ஹீட்டர், குளிர்பெட்டி, தண்ணீர் மோட்டார் உள்ள கூட்டுக் குடும்பம். பில் 2,750 ரூபாய். 2 கிலோவாட் கருவி 360 யூனிட் தந்தால், எஞ்சுவது 240 யூனிட். பில் 405 ரூபாயாகக் குறையும். மிச்சம் 2,345 ரூபாய்; வருஷத்திற்கு 14,070 ரூபாய். விலை 1,30,000 ரூபாயில் மானியம் 60,000 போகக் கைமுதல் 70,000 ரூபாய். அது ஐந்து வருஷத்தில் திரும்பிவிடும். அதன் பின் வருவது ஆதாயம்.

இதே வீட்டுக்காரர், 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறதே என்று 3 கிலோவாட் போட்டால் என்ன ஆகும்? எஞ்சும் 60 யூனிட்டும் இலவசத்திற்குள் அடங்கி, பில் ஒன்றுமில்லையாகும். பார்ப்பதற்கு நன்றாயிருக்கும். ஆனால் மூன்றாவது கிலோவாட்டுக்காக அவர் கூடுதலாகக் கொடுத்தது 47,000 ரூபாய். அதனால் கூடுதலாக மிஞ்சுவது வருஷத்திற்கு 2,430 ரூபாய் மட்டும். அப்பணம் திரும்ப 19 வருஷத்திற்கு மேலாகும். பில்லைச் சூனியமாக்க வேண்டும் என்ற எண்ணமே இவ்விடத்தில் நஷ்டத்திற்குக் காரணமாகிறது.

மூன்றாவது வீடு: இரண்டு மாதத்திற்கு 1,000 யூனிட் செலவழிப்பது. தோட்டத்து வீட்டில் பல அறைகளும் அதிகச் சாதனங்களும் உள்ள குடும்பம். பில் 6,550 ரூபாய். 3 கிலோவாட் கருவி 540 யூனிட் தந்தால் எஞ்சும் 460 யூனிட்டுக்குப் பில் 1,485 ரூபாய். வருஷ மிச்சம் 30,390 ரூபாய். மானியம் போகக் கைமுதல் 1,17,000 ரூபாய். நான்கு வருஷத்திற்குள் திரும்பிவிடும்.

இம்மூன்று கணக்கிலும் அடங்கிய உண்மை ஒன்றே. சூரியன் தரும் ஒவ்வொரு யூனிட்டும் பில்லின் உச்சிப்படியில் உள்ள விலையுயர்ந்த யூனிட்டை முதலில் நீக்குகிறது. கீழ்ப்படிக்கு இறங்க இறங்க அதன் மதிப்புக் குறைகிறது. இலவசப் படியைத் தொட்டதும் மதிப்பே இல்லாமற் போகிறது. ஆகவே மேல்படிகளை மட்டும் நீக்கும் அளவுக்குக் கருவி போடுவதே சிக்கனம். இணைப்புக் கட்டணம், மீட்டர் விலை, கம்பி உபயோகக் கட்டணம் ஆகியவை உண்டாயின் அவற்றையும் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வெந்நீருக்காகவே பில் உயர்ந்திருக்கும் வீடுகள் மலையில் மிகுதி. 2 கிலோவாட் ஹீட்டர் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 120 யூனிட் ஆகிறது. அவ்வீட்டார் முதலில் ஹீட்டர் ஓடும் நேரத்தைக் குறைத்துப் பார்த்து, பின்னர் கருவியின் அளவைத் தீர்மானிப்பது நலம்.

விருந்தினர்க்கு அறை வாடகைக்கு விடுவோர் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். மானியம் குடியிருப்பு வீட்டுக்கே உரியது. வியாபார விகிதத்தில் இணைப்புள்ள கட்டிடத்திற்கு அது கிடைக்காது.

மலையின் குணமும் குற்றமும்

கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரத்தில் உள்ளது. அங்குள்ள குளிர் தகடுகளுக்கு நன்மை செய்வது. தகட்டின் உஷ்ணம் 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் பலன் நூற்றுக்கு 0.3 முதல் 0.4 வரை குறையும். மதுரை, திண்டுக்கல் பக்கத்து வெயிலில் இக்குறைவு பெரிது, மேல்மலையில் சிறிது. மார்கழி கழிந்த பின் பங்குனி வரை வானம் தெளிந்திருக்கும் நாட்களில் மலையில் நல்ல விளைவு உண்டு.

குற்றங்கள் மூன்று. முதலாவது மேகமும் மூடுபனியும். தென்மேற்குப் பருவத்தில் ஓரளவும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மிகுதியாகவும் மழை பெய்கிறது. அம்மாதங்களில் பிற்பகலில் பனி இறங்கிவிடும் இடங்களும் உண்டு. அவ்விடத்தார் காலை வெயிலை நம்பித் தகடுகளை அமைக்க வேண்டும்.

இரண்டாவது நிழல். கீழ்மலைக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் முதலிய நிழல் மரங்களும், மேல்மலையில் யூகலிப்டஸ், வாட்டில், பைன் மரங்களும் வீட்டைச் சூழ்ந்திருக்கின்றன. தகடுகள் ஒன்றோடொன்று தொடராக இணைக்கப்படுவதால், ஒரு தகட்டின் மூலையில் விழும் நிழல் தொடர் முழுவதையும் பாதிக்கும். வாய்க்காலில் ஓரிடத்தில் அடைப்பு ஏற்பட்டால் கடைமடை வரை நீர் குறைவது போல. காப்பிக்கு நிழல் தரும் மரத்தைச் சில நூறு ரூபாய் மின்சாரத்திற்காக வெட்டுவது புத்திசாலித்தனமன்று. மலைப்பிரதேசத்தில் மரம் வெட்ட அனுமதியும் வேண்டும். நிழல் தவிர்க்க முடியாத கூரையில் கருவி போடாமலிருப்பதே மேல். காலை 9 மணி, நடுப்பகல், மாலை 3 மணி ஆகிய மூன்று வேளையும் கூரையில் எவ்வளவு இடம் வெயிலில் உள்ளது என்று கோடு போட்டுப் பார்த்தல் எளிய பரீட்சை. தை மாதத்தில் ஒரு முறையும் ஆனி மாதத்தில் ஒரு முறையும் பார்த்தால் வருஷம் முழுவதற்கும் தெரியும். ஒரு கிலோவாட்டிற்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். தகடுகள் தெற்கு நோக்கி, சுமார் 10 டிகிரிச் சாய்வில் அமைவது இம்மலையின் அட்சரேகைக்கு ஏற்றது.

மூன்றாவது கூரை. மலையில் தகரக் கூரையும் ஓட்டுக் கூரையும் மிகுதி. பழைய மரச்சட்டத்தின்மேல் தகடுகளின் பாரத்தையும், அவற்றைத் தூக்கும் காற்றின் விசையையும் ஏற்றலாகாது. கூரையைப் பழுது பார்க்கும் செலவைத் தவிர்த்துக் கருவி போட்டால், இரண்டு வருஷத்தில் தகட்டைக் கழற்றி மறுபடி மாட்டும் செலவு வந்து சேரும். தகடுகளின்மேல் படியும் இலை, பாசி, குரங்குகள் இழைக்கும் சேதம் ஆகியவற்றையும் எதிர்பார்த்து, ஏறித் துடைக்க வழி விட்டு அமைக்க வேண்டும். இடி மின்னல் மிக்க இடமாதலால், பூமிக் கம்பி சரியாகப் பதித்திருக்கிறதா என்பதை நேரில் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

மின்தடை நாளில் என்ன ஆகும்

மலைவாசிகள் பலர், சூரியக் கருவி இருந்தால் கம்பி அறுந்தாலும் விளக்கு எரியும் என்று எண்ணுகின்றனர். இது தவறு. மானியத்தில் அமையும் சாதாரணக் கருவி, வெளிக்கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஆளுக்கு வீட்டிலிருந்து மின்சாரம் பாய்ந்து ஆபத்து விளையாதிருக்கவே அவ்வாறு செய்யப்பட்டிருக்கிறது. 2018-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி கரை கடந்த கஜா புயல் கொடைக்கானல் மலையிலும் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்து, ஊர்களை இருளில் ஆழ்த்தியது. அத்தகைய நாளில் பாட்டரி இல்லாத கருவியால், வெயில் அடித்தாலும், ஒரு விளக்குக்கூட எரியாது.

தடை நாளுக்கும் விளக்கு வேண்டுமென்போர் பாட்டரியோடு கூடிய கலப்பு இன்வெர்ட்டர் வைத்துக்கொள்ளலாம். பாட்டரியின் விலை முழுவதும் வீட்டாருடையது. சில வருஷங்களுக்கொரு முறை அதை மாற்றவும் வேண்டும். இரண்டு மூன்று விளக்கும் கைப்பேசிக்கு மின்னேற்றமும் போதுமென்போருக்கு, ஒரு சிறு தகடும் சிறு பாட்டரியும் கொண்ட தனி விளக்குக் கருவியே குறைந்த செலவில் நிறைந்த பலன் தரும். பில் குறைவது வேறு. இருளில் வெளிச்சம் கிடைப்பது வேறு. இவற்றுள் தமக்கு வேண்டியது எது என்று முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

கடனும் தவணையும்

இத்திட்டத்தில் 3 கிலோவாட் வரை ஈடு இல்லாமல் பாங்கிக் கடன் கிடைக்கும். திட்டம் தொடங்கிய காலத்தில் வட்டி நூற்றுக்கு 7 அளவில் இருந்தது. மேற்கூறிய இரண்டாவது வீட்டார் மானியம் போக 70,000 ரூபாயை இவ்வட்டிக்கு ஐந்து வருஷத் தவணையில் பெற்றால், மாதம் சுமார் 1,386 ரூபாய், அதாவது இரண்டு மாதத்திற்கு 2,772 ரூபாய் கட்ட வேண்டும். பில்லில் மிஞ்சுவதோ 2,345 ரூபாய். கையிலிருந்து 427 ரூபாய் போட நேரும். ஏழு வருஷத் தவணையானால் இரண்டு மாதத்திற்குச் சுமார் 2,113 ரூபாய். பில்லில் மிஞ்சுவதே தவணையைக் கட்டிவிடும். வட்டி சிறிது கூடினாலும், போகம் தவறிய வருஷத்தில் தவணை தடைப்படாது. உருளைக்கிழங்கு, காரட், பூண்டு ஆகியவற்றின் விலை ஏறி இறங்கும் இம்மலையில், மிஞ்சும் தொகைக்குள் தவணை அடங்குமாறு பார்த்துக்கொள்வதே விவேகம்.

மானியத் தொகை வந்தவுடன் அதை வேறு செலவுக்குத் திருப்பாமல் கடனிலேயே கட்டிவிட வேண்டும். அவ்வாறு செய்யாவிடின் மேற்கண்ட கணக்கு முழுவதும் கெட்டுவிடும்.

பத்திரங்களும் கிராம உத்தியோகஸ்தர்களும்

மனு, திட்டத்தின் தேசிய இணையதளத்தில் செய்யப்பட வேண்டும். மின் இணைப்பு எண், மின்பில், கைப்பேசி எண், பாங்கிக் கணக்கு விவரம் ஆகியவை தேவை. கருவி அமைந்த பின் மீட்டருக்கு மனுச் செய்து, பரிசோதனை முடிந்து, சான்று பெற்று, பாங்கிக் கணக்கைப் பதிந்தால் மானியம் வரும்.

மலையூர்களில் காரியம் தடைப்படும் இடம் பெரும்பாலும் பெயரில் இருக்கிறது. இணைப்பு காலஞ்சென்ற பாட்டனார் பெயரிலும், வீட்டுப் பட்டா தந்தையார் பெயரிலும், பாங்கிக் கணக்கு மகன் பெயரிலும் இருப்பது சாதாரணம். இம்மூன்றும் ஒன்றாகாமல் மானியமும் கடனும் கிட்டுவது அரிது. எனவே வியாபாரியை அழைப்பதற்கு முன்னரே இணைப்பின் பெயர் மாற்றத்தை முடித்துக்கொள்ள வேண்டும். வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் இவற்றிற்காக வரும் மனுக்களைக் கிராம நிர்வாக அலுவலர்கள் தாமதமின்றி விசாரித்து அனுப்புவார்களாயின், குடியானவர்களுக்கு அதுவே ஒரு மானியத்திற்குச் சமமாகும்.

ஊராட்சிகளுக்கும் இத்திட்டத்தில் பங்குண்டு. தம் எல்லையில் அமையும் கருவி ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை உள்ளாட்சி மன்றத்திற்கு வகுக்கப்பட்டது. ஜில்லாவுக்கு ஒரு மாதிரி சூரியக் கிராமம் தேர்ந்தெடுத்து 1 கோடி ரூபாய் அளிக்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. 5,000-க்கு மேற்பட்ட ஜனத்தொகையுள்ள கிராமங்கள் அதில் போட்டியிடலாம். எனினும் எண்ணிக்கையை உயர்த்துவதற்காக, 200 யூனிட் செலவழிக்கும் ஏழை வீட்டாரைக் கடனில் இறக்கிவிடாமல் காப்பதும் ஊராட்சியாரின் கடமையே.

பம்புசெட்டு விஷயம்

வீட்டுத் திட்டத்தையும் தோட்டத்துப் பம்பையும் ஒன்றாக நினைத்துக் குழம்பலாகாது. விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசமாக உள்ளவருக்குச் சூரியப் பம்பினால் பில் மிச்சம் என்பதில்லை. இணைப்பு எட்டாத சரிவு நிலத்திலும், டீசல் எஞ்சின் ஓட்டும் இடத்திலும் அது பெரிதும் உதவும். 2019-ம் வருஷம் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் பொது அமைப்பில், தனிச் சூரியப் பம்பின் மதிப்பில் மத்திய சர்க்கார் நூற்றுக்கு 30, இராஜ்ய சர்க்கார் நூற்றுக்கு 30 கொடுக்க, எஞ்சியதை விவசாயி ஏற்க வேண்டும் என்று வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இதற்கான மனுக்களை வேளாண்மைப் பொறியியல் இலாகாவினர் கவனிக்கின்றனர்.

முடிவு

சூரியக் கருவி போட எண்ணும் குடியானவர் பின்வரும் வரிசையில் காரியம் செய்வது நலம். முதலில், கடந்த ஒரு வருஷத்து ஆறு பில்களையும் எடுத்து யூனிட்டுகளைக் கூட்டிச் சராசரி காண்க. இரண்டு மாதத்திற்கு 200 யூனிட்டுக்குக் குறைவாயின் இப்பொழுது கருவி வேண்டாம். 500 யூனிட்டைத் தாண்டினால் நன்கு யோசிக்கலாம். இடைப்பட்டவர்கள் மேற்கூறியபடி சொந்தக் கணக்குப் போட்டுப் பார்க்க. இரண்டாவதாக, கூரையின் நிழலையும் உறுதியையும் பரீட்சிக்க. மூன்றாவதாக, இணைப்பு, பட்டா, பாங்கிக் கணக்கு மூன்றின் பெயரையும் ஒன்றாக்குக. நான்காவதாக, பதிவு பெற்ற வியாபாரிகள் மூவரிடம் எழுத்து மூலம் விலை கேட்க. அதில் தகட்டின் உத்தரவாதம், இன்வெர்ட்டரின் உத்தரவாதம், ஐந்து வருஷப் பராமரிப்பு ஆகியவை தனித்தனியே குறிக்கப்பட வேண்டும். மலைமேல் ஆள் அனுப்பிப் பழுது பார்ப்பதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதையும் எழுதி வாங்குக. கடைசியாக மானியத்தைக் கணக்கில் சேர்க்க.

மண்ணைப் பரிசோதித்து உரமிடுவதும், நீரின் அளவறிந்து நடவு செய்வதும் நல்ல குடியானவரின் வழக்கம். கூரைமேல் விளையும் மின்சாரத்திற்கும் அவ்வழக்கமே பொருந்தும். தன் வீட்டுச் செலவுக்கு ஏற்ற அளவில், நிழலற்ற கூரையில், மிஞ்சும் பணத்திற்குள் அடங்கும் தவணையில் அமைக்கப்படும் கருவி, மலைநாட்டுக் குடும்பத்திற்கு ஒரு நிரந்தர வருமானமாக இருக்கும் என்பதில் ஐயமில்லை.